சிவபாலனின் கடற்காவல்

"வெளிக்கிட்டுட்டான். நீ இப்ப போகலாம் பிள்ளை," என்றார் சிவபாலன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகள் உஷாந்தி கைப்பையை மாட்டிக்கொண்டு பிளாட்டின் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

படகோடு கடலுக்கு வெளிக்கிட்டவன் கஜேந்திரன். கொழும்புத் துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துவந்து கட்டும் இழுவைப் படகொன்றின் கப்டன். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். ஹட்டன் தேயிலைத் தோட்டத்துப் பெடியனுக்குப் பெண் கொடுத்தால் வெள்ளவத்தையில் தலைநிமிர்ந்து நடக்கமுடியாது என்பது சிவபாலனின் கணக்கு.

எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஆப் ஒன்று கையில் அகப்பட்டபிறகுதான் மனிதருக்கு மூச்சு வந்தது. அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம். படகு கடலில் ஓடினால் மகள் வெளியே போகலாம். படகைக் கரையில் கட்டினால் மகளும் வீட்டோடு கட்டுப்பட்டு நிற்கவேண்டும்.

படகின் நீளம், அகலம், குதிரைவலு, கட்டிய ஆண்டு எல்லாம் அவருக்கு மனப்பாடம். அதை ஓட்டுகிறவனோடு மட்டும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கதைத்தால் மரியாதை குறைந்துவிடுமாம்.

"இஞ்ச பாரும் நேசமலர். ராத்திரி முழுக்க ஓடினவன், விடியவும் ஓடினவன், இப்ப திரும்பவும் ஓடுறான். இவனுக்கு நித்திரை எண்டு ஒண்டு இல்லையோ? இவனைக் கட்டினா எங்கட பிள்ளை தனியத்தான் கிடக்கவேணும்."

மனைவி நேசமலர் பாயாசத்துக்குக் கஜுப்பருப்பு வறுத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் வாசல் மணி அடித்தது. சிவபாலன் போனும் கையுமாகப் போய்க் கதவைத் திறந்தார்.

வாசலில் உஷாந்தி. கழுத்தில் புதுத் தாலி. பக்கத்தில் பட்டுவேட்டியும் திருநீறுமாகக் கஜேந்திரன்.

சிவபாலன் அவனைப் பார்த்தார். போனைப் பார்த்தார். துறைமுக வாசலில் படகு சுறுசுறுப்பாக ஒரு பெரிய கப்பலை இழுத்துக்கொண்டிருந்தது. அவருக்குப் போனில்தான் நம்பிக்கை.

"நீ இப்ப கடலில எல்லோ நிக்கிறாய்!" என்று அதட்டினார்.

கஜேந்திரன் குனிந்து அவர் காலைத் தொட்டான்.

"இப்ப ஷிஹான் ஓட்டுற முறைங்க மாமா. அந்தப் போட்டுக்கு நாங்க மூணு கேப்டன்."