சாவிக்கு ஒரு பட்டன்

"யாருகிட்ட கள்ளச்சாவி இருக்கு? மரியாதையா சொல்லிடுங்க!"

மேனேஜர் மேஜையைத் தட்டிய வேகத்தில், விரித்து வைத்த படத்தின் மேலிருந்த சட்டைப் பட்டன்கள் துள்ளி உருண்டன.

அட்டைப்பெட்டி அச்சகத்தின் பிரிவுக்கு ஒருவராக வந்து நின்றுகொண்டிருந்தார்கள். முதலாளி மட்டும் உட்கார்ந்திருந்தார். சம்பளப் பேச்சுக்குக்கூட அவர் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

படத்தில் வட்டங்கள், குறுக்குக் கோடுகள், அம்புகள். வேலை எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிக்க முதலாளி வரவழைத்த இளம் பொறியாளர் வரைந்தது. வந்த மறுநாளே ஆட்கள் அவளுக்கு 'வட்டம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"இதுக்குப் பெட்ரி வலைன்னு பேரு" என்றாள்.

"வலைன்னா யாராவது மாட்டணும்ல?" என்றார் சங்கச் செயலாளர்.

சிரிப்பு எழுந்தது. முதலாளி திரும்பிப் பார்த்ததும் அடங்கியது.

வட்டம்மா கோபப்படவில்லை. பட்டன்களைப் பொறுக்கி வட்டங்களில் வைத்தாள்.

"ஒவ்வொரு கோடும் ஒரு வேலைண்ணே. அந்தக் கோட்டுக்கு வர்ற எல்லா வட்டத்துலயும் பட்டன் இருந்தாத்தான் வேலை நடக்கும். மை, கோந்து இருக்கற ரூமைத் திறக்க ஆளும் வேணும், சாவியும் வேணும். கதவு தானாப் பூட்டிக்கும். சாவி ஒண்ணுதான், அதனால அதுக்கு ஒரே பட்டன். அச்சுப் பிரிவு அதை எடுத்துட்டுப் போனா ஒட்டுற பிரிவு காத்திருக்கணும். ஆனா இங்க யாரும் காத்திருந்து நான் பார்க்கல. சாவி அங்க இருக்கும்போதே இவங்க கோந்து டின்னோட வர்றாங்க. ஒரு பட்டனை வெச்சுக்கிட்டு இந்தப் படம் ஓடவே ஓடாது."

"சரக்கு ஏதாவது குறையுதா?" செயலாளர் கேட்டார்.

"ஒரு டின்கூடக் குறையலண்ணே."

"அப்புறம் என்ன திருடன் போலீஸ் விளையாட்டு?"

மேனேஜர் முதலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னும் உரக்கக் கத்தினார். "சாவி யாருதுன்னு கேட்டேன்!"

செயலாளரின் பார்வை தன்னால் பின்பக்கம் போனது. கடைசி மேஜையில் சாவி அக்கா. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். மற்றதை வெட்டும் மெஷின் எடுத்துக்கொண்டது. கையில் எதையாவது திணித்து அனுப்பிவிடப் பார்த்த நிர்வாகத்திடம், சங்கம் வெயிலில் வாசலை மறித்து உட்கார்ந்து வாங்கிய மேஜை அது. வேலை, சாவியைக் கொடுப்பதும் வாங்குவதும்.

செயலாளர் பாக்கெட்டிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார்.

"நான்தான் வெட்டினேன். பிரிவுக்கு ஒண்ணு. என் மேல நடவடிக்கை எடுங்க."

"எதுக்குய்யா வெட்டின?"

"அக்கா முன்னால நாலு பேர் காத்து நின்னா நீங்க என்ன செய்வீங்க? மேஜையைத் தூக்கிட்டு நம்பர் பூட்டு மாட்டுவீங்க. உங்க கண்ணுக்குத் தேங்கற வேலைதான் தெரியும், மனுஷி தெரியாது. அதனால தேங்காமப் பார்த்துக்கிட்டோம்."

தெருமுனையில் வெட்டிய சாவிகள். லட்சணமும் அப்படித்தான். நுழைத்து, மயிரிழை மேலே தூக்கித் திருப்பினால்தான் திறக்கும். பழகாதவர்கள் கதவோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

முதலாளி முதல் முறையாக வாயைத் திறந்தார். "ஆளாளுக்குச் சாவி இருக்கு, வேலையும் நடக்குது. அப்ப அந்த மேஜை எதுக்கு?"

செயலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். காப்பாற்றப் போய், தன் வாயாலேயே அக்காவைக் கவிழ்த்தாயிற்று.

"அந்த வட்டத்தை எடுத்தா படம் நின்னுடும் சார்." வட்டம்மா உள்ளங்கையால் அக்காவின் வட்டத்தை மூடிக் காட்டினாள். "சாவி வெச்சிருக்கறவங்களும் அக்காகிட்ட நின்னுட்டுத்தான் போறாங்க. 'இன்னிக்கு மை கெட்டி, காய நேரமாகும்'னு அச்சு ஆள் சொல்லிட்டுப் போறார். ஒட்டுற ஆள் வந்ததும் அக்கா அதை அவர்கிட்ட சொல்றாங்க. இந்த ரெண்டு பிரிவும் நேருக்கு நேர் பேசிக்கறதே இல்ல."

"அந்த மூஞ்சியோட யாரு பேசுவா?" என்றது ஒட்டுற பிரிவு.

"ஆமா, இவரு மூஞ்சி பெரிய மூஞ்சி" என்றது அச்சுப் பிரிவு.

"பார்த்தீங்களா? அக்கா இல்லாட்டி ஈர அட்டையை ஒட்டி அனுப்பிடுவாங்க. போன சரக்கு அப்படியே திரும்பி வரும்."

சரக்கு திரும்பி வருவது முதலாளிக்குப் புரிந்த பாஷை. எழுந்தார்.

"மேஜை இருக்கட்டும். கள்ளச்சாவியை எல்லாம் பிடுங்கி வைங்க" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அதற்குள் அச்சுக்கூடத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார். "சார், கறுப்பு மை தீர்ந்துபோச்சு! மெஷின் நிக்குது!"

அக்காவின் மேஜையருகே சாவி மாட்டும் ஆணியில் சாவி இல்லை. யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

மேனேஜர் விறுவிறுவென்று தானே போனார். சாவியை நுழைத்தார், மயிரிழை மேலே தூக்கினார், திருப்பினார். ஒரே திருப்பில் கதவு திறந்தது.

செயலாளர் குனிந்து படத்தைப் பார்த்தார். அவர் வைத்த சாவி வைத்த இடத்திலேயே கிடந்தது.

"சார்... நீங்க எந்தச் சாவியால திறந்தீங்க?"

மேனேஜர் கொத்துச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"நானும் போய் அக்கா முன்னால காத்து நின்னா, கும்பல் முதலாளி கண்ணுல படாதா? உன் சாவியை எடுத்து உள்ள வைய்யா."

பிறகு வட்டம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"படம் சரிதாம்மா. ஒரு பட்டன்தான் குறையுது."