செவலையோட கெத்து

செவலைங்கிற பெட்டை முயல் கூண்டுல தனியா இருந்துச்சு. துணைக்கு இருக்கட்டும்னு வீட்டுக்காரர் கறிக்கடையிலேருந்து சாம்பல்ங்கிற கடுவன் முயலை வாங்கிட்டு வந்தாரு. கடிச்சுக்கக் கூடாதேன்னு நடுவுல கம்பிவலை வெச்சாரு. தெனமும் காலையில வலையை எடுத்துட்டு நின்னு பாப்பாரு.

எடுத்ததுமே சாம்பல் ஓடிவந்து செவலையோட நெத்தியை நக்கிக் குடுக்கும். செவலை மகாராணி மாதிரி கண்ணை மூடிக்கும். திருப்பி நக்காது.

"ஒண்ணு மட்டும் நக்குனா அது ஜோடியா? நாளைக்கும் இப்படின்னா சாம்பலைக் கடையிலயே திருப்பிக் குடுத்துருவேன்"னாரு வீட்டுக்காரர்.

அவர் வலையைத் திரும்ப வெச்சுட்டுப் போனதும் சாம்பல் வலையோரமா வந்துச்சு.

"அக்கா, நாளைக்கு ஒரே ஒரு தடவ நக்கிருங்க. மனசார வேண்டாம், சும்மா அவருக்குக் காட்டத்தான்."

"பாக்கலாம், பாக்கலாம்"னுச்சு செவலை. நக்கக் கூடாதுன்னு அதுக்கு ஒண்ணும் இல்ல. கெஞ்சுறதைக் கேக்க நல்லா இருந்துச்சு. உடனே எறங்கி வந்தா மதிப்பு போயிரும், இன்னும் ஒரு நாள் போகட்டும்னு நெனச்சுது.

மறுநாள் சாம்பல் நக்கி முடிச்சு, தலையைக் குனிஞ்சு காத்திருந்துச்சு. செவலை சோம்பல் முறிச்சுது. வீட்டுக்காரர் சாம்பலைப் பையில போட்டு எடுத்துட்டுப் போனாரு.

சாயங்காலம் அதே கடையிலேருந்து ஒரு வெள்ளை முயல் வந்துச்சு. வலையை வைக்கிறதுக்குள்ள செவலையே ஓடிப்போய் அதோட நெத்தியை நக்குச்சு.

"கடையில சாம்பல் அண்ணன் சொன்னது சரிதான்"னுச்சு வெள்ளை. "அக்கா நல்லவங்க, கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்னாரு. இன்னும் ஏதோ சொல்ல வந்தாரு, அதுக்குள்ள வெட்டுக்கு எடுத்துட்டாங்க."

செவலை நக்குறதை நிறுத்தவே இல்ல.