இன்டர்வியூவுக்குப் போகிறவள்

ஊக்கை வாயில் கடித்தபடி அவள் புடவைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

புடவை அவளுடையது. கட்டிக்கொண்டு நின்றது சிந்துஜா, கொழுந்தனாரின் மனைவி.

மடிப்பு எடுக்கிறவளின் பிள்ளைக்கு எல்.கே.ஜி. இன்டர்வியூ. அந்தப் பள்ளியில் பிள்ளையை ஒன்றும் கேட்க மாட்டார்கள். பெற்றவர்களைத்தான் கேட்பார்கள், அதுவும் இங்கிலீஷில். அம்மாக்காரி வாய் திறக்காவிட்டால் சீட் கிடையாது என்பது ஊருக்கே தெரியும்.

அதற்காகத்தான் அவள் தீபாவளி கழிந்ததிலிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஓடினாள். மொபைல் கடைக்கு மேலே மாடி. அவசரமாகச் சமைத்து வைத்துவிட்டு, ஈரத் தலையோடு போவாள். போன மாதம் முழுக்க அங்கே 'இஃப்' பாடம்தான். இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன் என்று எப்படிச் சொல்வது. 'இஃப்' வந்த பாதியில் 'வில்' வரக்கூடாது. வகுப்பில் பாதிப் பேர் அதில்தான் வழுக்கி விழுந்தார்கள். அவள் விழவில்லை.

பிரின்ஸிபால் கேட்பதெல்லாம் அந்த ரகம்தானாம். குழந்தை அழுதால் என்ன செய்வீர்கள். பொய் சொன்னால் என்ன செய்வீர்கள். போன வருஷம் சீட் வாங்கிய எதிர்வீட்டுக்காரி சொன்னது.

மாவு ஆட்டும்போது சொல்லிப் பார்த்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது சொல்லிப் பார்த்தாள். துணி மடிக்கும்போது, துணியிடமே சொன்னாள்.

நேற்று சாயங்காலம் அவள் புருஷன் பிரின்ஸிபால் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டான். எல்லாவற்றுக்கும் சரியாகவே சொன்னாள். வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நின்றாள். அவ்வளவுதான்.

"சரியாத்தான் சொல்ற. ஆனா யோசிச்சு யோசிச்சு சொல்ற," என்றான்.

அம்மா என்று சொல்லிக்கொண்டு சிந்துஜா போகட்டும் என்று முடிவாகிவிட்டது. அவள் பெங்களூரில் வேலை பார்த்தவள். தப்போ சரியோ, சடசடவென்று பேசுவாள். இன்டர்வியூ அன்றைக்கு யாரும் ஆதார் கேட்க மாட்டார்களாம். பீஸ் கட்டும்போது அப்பா கையெழுத்துப் போதுமாம். எல்லாம் விசாரித்து வைத்திருந்தான். எப்போதிருந்து விசாரிக்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மாமியாரும் ஒத்து ஊதினாள். அரை மணி நேரக் கூத்துதானே, பிள்ளையை எழுதியா கொடுத்துவிடப் போகிறோம் என்றாள்.

காலையில் சிந்துஜா சுடிதாரில் வந்து நின்றபோது அவனுக்குத் திருப்தியில்லை. பார்க்க அம்மா மாதிரி இருக்க வேண்டுமாம். அதனால்தான் இந்தப் புடவை. இன்றைக்குக் கட்டிக்கொள்ளவென்று அவளே கடை கடையாக ஏறி எடுத்த இளநீலக் காட்டன்.

போங்கடா நீங்களும் உங்கள் சீட்டும் என்று கத்தியிருப்பாள். ஆனால் அந்தப் பள்ளியில் படித்து வருகிற பிள்ளை யோசித்து யோசித்துப் பேசாது. அது அவளுக்கும் வேண்டியிருந்தது.

கடைசி மடிப்பைச் செருகி ஊக்கைக் குத்தினாள்.

சிந்துஜா பாவம், முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அக்கா, மிதுனா அழுதா நீங்க என்ன பண்ணுவீங்க?"

அது சிந்துஜாவுக்குத் தெரியாது. அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

சொல்லாமல் விடலாம். சாக்லேட் வாங்கிக் கொடுப்பேன் என்று போய் உளறட்டும். நன்றாக வேண்டும் எல்லோருக்கும். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தாள்.

பிறகு சொல்லிவிட்டாள்.

அழுகை வந்தால் மிதுனா கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். கூப்பிடக்கூடாது. இழுக்கக்கூடாது. பக்கத்தில் வெறும் தரையில் படுத்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஒரு கை வெளியே வந்து காதைத் தேடும். காதைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதும்.

சிந்துஜா அதை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தாள். இஃப் மை டாட்டர் வில் க்ரை என்று தொடங்கி, தண்ணீர் மாதிரி. மை டாட்டர் என்பது அவள் வாயில் நன்றாகவே வந்தது.

அந்த முதல் 'வில்'லை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். சீட் முக்கியம்.

சிந்துஜா மறுபடி சொன்னாள். இப்போது ஒரு குறையும் இல்லை.

வாசலில் அவன் காரைக் கிளப்பிவிட்டான். சிந்துஜா ஏறி முன்னால் உட்கார்ந்தாள். மிதுனா மட்டும் புது ஷூவோடு படியில் நின்றுகொண்டு அவள் நைட்டியைப் பிடித்துக்கொண்டாள். அம்மா வந்தால்தான் வருவேன் என்றாள். உதடு பிதுங்கத் தொடங்கியது.

அவன் ஹாரன் அடித்தான்.

அவள் குனிந்தாள். பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது.

"அம்மா கார்ல ஏறிட்டாங்க பாரு கண்ணு. ஓடு."