வெறும் வயிற்று மாத்திரை

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று காலையிலும் சொர்ணம் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். கணவன் குணசேகரனும் வழக்கம்போல் அவளோடு ஒரு மணி நேரம் காப்பிக்குக் காத்திருந்தான். வயிற்றுக் கட்டியில் அவள் இறந்துபோய் நான்கு மாதம் ஆகிறது. அவள் வளர்த்த நாய் இப்போது புதுக்கோட்டைக் கால்நடை டாக்டரின் மேசைமேல் படுத்திருக்கிறது. அதன் அடிவயிற்றுக் கட்டியில் ட்யூப்லைட் வெளிச்சம் வழுக்குகிறது. "ரத்தத்துல தைராய்டு கம்மியாத்தான் இருக்கு. ஆனா சுரப்பியில கோளாறு இல்லைங்க. ஒடம்புல கட்டி இருந்தா தைராய்டு அளவு தானா எறங்கிரும். மாத்திரை வேணாம்," என்கிறார் டாக்டர். நாயின் காதைத் தடவிய குணசேகரனின் கை நிற்கிறது. "மனுசருக்கும் அப்படித்தானுங்களா?" "சில பேருக்கு. ஏன் கேக்குறீங்க?" மூன்று வருஷமாக டாக்டர்கள் சொர்ணத்துக்கு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்களே, ஒருவராவது அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாரா? குணசேகரன் நாயின் ரத்த ரிப்போர்ட்டை மடிக்கிறான், பிரிக்கிறான். இன்று காலையும் அவன் எழுந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி குடித்திருக்கிறான்.