ஈரத்துணிக்குள் ஒரு தலை

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரத்தினம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மூக்குத்தி இரண்டையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். சிராங்கூன் ரோட்டில் பட்டப்பகலில் திருட்டுப் பயம் ஒன்றும் இல்லை. திருட்டுத்தனமாக வந்திருப்பவளே அவள்தான்.

மறுநாள் மகன் வேலாயுதத்துக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். காப்பித் தட்டோடு குனிந்து வரும் பெண்களை ரத்தினம்மா நம்புவதில்லை. பட்டுப்புடவை கட்டி நிறுத்தினால் எல்லாப் பெண்ணும் பசு மாதிரிதான் நிற்கும் என்பாள். அதனால் முதல் நாளே ஆள் தெரியாமல் போய் நோட்டம் பார்ப்பாள். அப்படிப் பார்த்தே இரண்டு சம்பந்தங்களைக் கவிழ்த்திருக்கிறாள்.

இந்தப் பெண் கண்மணி சனிக்கிழமைதோறும் சமூக நிலையத்தில் களிமண் சிற்பம் பழகப் போகிறாள் என்று தரகு பேச வந்த மங்களம், இவர்கள் வீட்டில் எல்லார் முன்னாலும் உளறிவிட்டாள். அது போதாதா?

வேலாயுதம் துறைமுகத்தில் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. சனிக்கிழமை ஓவர்டைம் என்றால் நகக்கண்ணெல்லாம் சேறோடு வந்து நிற்பான். பாவம், அப்படி உழைக்கிற பிள்ளை. அம்மா காட்டுகிற பெண்ணைத்தான் கட்டுவான் என்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. இன்றைக்கு ஓவர்டைம் இல்லை என்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தவனிடம், கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வகுப்பில் பெரியவர்களும் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்து மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுக்கும் சூசைநாதன் புதியவளின் கையில் ஒரு பெரிய உருண்டையை வைத்தார்.

"பேரு என்னம்மா?"

"க... கமலா."

"பயப்படாம கையை வைங்க கமலா. கிளி செய்யலாம், சட்டி செய்யலாம், உங்க இஷ்டம்."

போட்டோவில் பார்த்திருந்த கண்மணிக்குப் பக்கத்து முக்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால், பலகைமேல் ஈரத்துணி போர்த்திய ஏதோ ஒன்று. ரத்தினம்மா அங்கேயே போய் உட்கார்ந்தாள்.

"அதுல கை படாம பாத்துக்குங்க" என்றாள் கண்மணி. "வேலை முடியுற வரைக்கும் மண்ணு காயக்கூடாதுன்னு துணி போட்டிருக்கு." சொல்லிவிட்டு ரத்தினம்மாவின் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள்.

ரத்தினம்மா கிளி செய்தாள். எதிரே இருந்த சின்னப் பெண் எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, கறிபாப்பா?" என்று கேட்டது.

தன் கிளி கறி அடைத்த பலகாரமாகிப்போனதைக் காதில் வாங்காமல் ரத்தினம்மா விசாரணையைத் தொடங்கினாள். "ஏம்மா, நல்லா சமைப்பியா?"

"சுமாராத்தான்."

"நாளைக்கு மாமியார் ஏதாச்சும் சொன்னா எதிர்த்துப் பேசுவியா?"

"என்ன சொல்றாங்கன்னு பாத்துத்தான் லா."

பூசி மெழுகாத அந்தப் பதில் ரத்தினம்மாவுக்குப் பிடித்துவிட்டது. பேசிக்கொண்டே அந்தப் பெண் செய்த மண் குதிரை எழுந்து ஓடிவிடும் போல இருந்தது. ரத்தினம்மா மனத்துக்குள் தாம்பூலமே மாற்றிவிட்டாள். சும்மா பேச்சுக்குத்தான் அடுத்ததைக் கேட்டாள்.

"ஆமா, இது யாரு இடம்?"

"அவரு இன்னிக்கு வரல." அந்த 'அவரு'வில் ஒரு குழைவு இருந்தது.

ரத்தினம்மா நிமிர்ந்தாள். "எவரு?"

"கூடப் பழகுறவரு. அவங்க அம்மா தலையைத்தான் செய்யுறாரு. மூக்குதான் சரியா வரமாட்டேங்குதுன்னு ஒரே புலம்பல்."

"அவரை... உனக்குப் பிடிக்குமோ?"

"ரொம்ப" என்று சொல்லிக் கண்மணி குதிரையின் வாலைத் தடவினாள். உதட்டில் ஒரு சிரிப்பு வேறு.

ரத்தினம்மாவுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. நாளைக்குப் பெண் பார்க்கும் சடங்கு, இன்றைக்கு எவனோடோ கொஞ்சலா? சூதுவாது தெரியாத தன் பிள்ளை வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பதை நினைத்து வயிறு எரிந்தது. இவ்வளவு நல்ல பெண் கைநழுவிப் போகிறதே என்ற ஆற்றாமை அதற்கு மேல் எரிந்தது.

முக்காலி உருள எழுந்தாள். "அம்மா தலையைச் செய்யுறானாம், தலை! பிள்ளை அடிக்கிற கூத்து பெத்தவளுக்குத் தெரியுமா? என் பிள்ளையா இருந்தா காலை ஒடிச்சிருப்பேன்!"

வகுப்பே வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தது. சூசைநாதன் கைநிறைய மண்ணோடு ஓடிவந்தார்.

"யம்மா, துணியைத் தொடாதீங்க!"

"தொடுவேன்! இந்தத் தேக்கா வட்டாரத்துல எனக்குத் தெரியாத மூஞ்சியா? அந்த அம்மாக்காரி யாருன்னு பாத்து, இப்பவே நேரா அவ வீட்டுக்குப் போயி, நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்குறேன்!"

சொல்லிக்கொண்டே ஈரத்துணியைப் பிடித்து இழுத்தாள்.

அகன்ற நெற்றி. இரட்டைத் தாடை. யார் சொன்னாலும் கேட்காத உதடு. நடுவில் பெரிய மூக்கு, அதன் இரண்டு பக்கமும் மிளகு அளவில் ஒட்டிவைத்த மண் உருண்டைகள். தினமும் காலையில் பொட்டு வைக்கும்போது கண்ணாடியில் ரத்தினம்மா பார்க்கிற முகம்தான் அது.

அவள் கை தானாகவே முந்தானை முடிச்சைத் தேடியது.

கண்மணி கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து பவ்வியமாக நின்றாள்.

"மூக்குத்தியைப் போட்டுக்கிட்டு இப்படித் திரும்புங்க அத்தை, மூக்கு சரியா வந்திருக்கான்னு பாப்போம்."