ஆறு திறக்கும் நாள்

"இன்னும் முப்பத்தொன்பது நாள்ல ஆறு திறந்துடும். இந்தத் தடவை நானும் வரேன்" என்றாள் ஃபுமியே.

தூண்டில் கோலைத் துடைத்துக்கொண்டிருந்த மசுவோவின் கை நின்றது.

"எங்க?"

"எங்கயா? ஆத்துக்குத்தான். உங்ககூட மீன் பிடிக்க."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலில் பாதி வெள்ளை. அதற்கும் கீழே எங்கோ பனிக்குள் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மீன்கள் முட்டையிட்டுப் பெருக வேண்டும் என்று அக்டோபரில் மூடிய ஆறு. மார்ச் முதல் தேதி வரை யாரும் தூண்டில் போடக் கூடாது.

கம்பளி போர்த்திய சூடு மேசைக்குள் கால்களை நீட்டி, கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மேசை முழுக்க மசுவோவின் சாமான்கள். கோலைக் கணுக்கணுவாகக் கழற்றிக் காகிதத்தின் மேல் காயவைத்திருந்தான். இறகு கட்டிய தூண்டில் முட்களை ஃபுமியே நிறம் பிரித்துப் பெட்டியில் குத்திவைத்தாள்.

"இத்தனை மீன் கடிச்சும் ஒரு முள்ளுகூட வளையலையே!"

"நல்ல கம்பெனி முள்ளு" என்றான் அவசரமாக.

ஒன்பது வருடமாக, ஆறு திறந்திருக்கும் மாதங்களில், அவன் ஞாயிறுதோறும் ஆற்றுக்குப் போகிறான். ஒரு மீன்கூடச் சிக்கியதில்லை. திரும்பும் வழியில், விடுதி நடத்தும் செகியிடம் இவானா மீன் வாங்குவான். கூடையில் போட்டு, மேலே கொஞ்சம் ஈரப் புல்லைப் பரப்பி வீட்டுக்குக் கொண்டுவருவான். "அம்மாடி, எவ்வளவு பெரிசு!" என்பாள் ஃபுமியே. உப்புத் தடவிச் சுடுவாள். அந்தக் குரலைக் கேட்கத்தான் அவன் வாரம் முழுக்கக் காத்திருப்பான். அவளும் கூடவே வந்துவிட்டால் அதை இனிமேல் கேட்க முடியாது.

"ரொம்பக் குளிருமே" என்றான்.

"உங்களுக்கு மட்டும் வெயில் அடிக்குமா?"

"பாறையெல்லாம் வழுக்கும்."

"நான் இந்த மலையில பிறந்தவ. டோக்கியோவுலேருந்து வந்தவர் நீங்கதான்."

"ஞாயித்துக்கிழமை உன் அக்கா வீடு?"

சனிக்கிழமை மாலையே மேல் கிராமத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவது அவள் வழக்கம்.

"அக்கா எங்கயும் ஓடிட மாட்டா. இந்தாங்க, இதைப் பிடிங்க."

தூண்டில் நரம்பின் ஒரு முனையை அவனிடம் கொடுத்தாள். மாதக்கணக்கில் சுற்றியே கிடந்ததில் அது சுருள் சுருளாக இருந்தது. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து பக்கத்து அறைக்குப் போனாள். வெந்நீரில் நனைத்த துணியால் நரம்பை மெல்ல உருவினாள். இருவரும் இழுத்துப் பிடித்தார்கள்.

விளக்கொளியில் நரம்பு ஒரு கணம் தெரிந்தது, மறுகணம் தெரியவில்லை. கெட்டில் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கரைகளில் இருவரும் நிற்பதுபோலவும், நடுவே பாயின் மேல் தண்ணீர் ஓடுவதுபோலவும் மசுவோவுக்குத் தோன்றியது. அந்தத் தண்ணீரில் எல்லாம் அடிவரை தெரிந்தது.

"செகி விடுதியை மூடப் போறாராமே?" என்று அந்தக் கரையிலிருந்து குரல் வந்தது. "மகன் வீட்டோட போயிடப் போறாராம்."

அவனுக்கும் தெரியும். ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை.

"ஃபுமியே, ஒண்ணு சொல்றேன். நரம்பை விட்டுடாத."

"விடல. சொல்லுங்க."

"நான் இதுவரைக்கும் ஒரு மீன்கூடப் பிடிச்சதில்ல. நீ சுட்டது எல்லாமே செகிகிட்ட காசு கொடுத்து வாங்கினது."

நரம்பு தளரவில்லை.

"ஒண்ணுகூடவா பிடிக்கல?"

"ஒண்ணுகூட இல்ல. நான் என்ன பண்ணட்டும்? எப்ப போனாலும் எவனோ ஒருத்தன் விடியறதுக்கு முன்னாலயே ஆத்துல இறங்கிடுறான். ஒவ்வொரு மடுகிட்டயும் ஈர மணல்ல அவன் காலடி. அவன் கலக்கிட்டுப் போன தண்ணியில அப்புறம் எந்த மீன் கடிக்கும்? பாவி! அவன் மட்டும் யாருன்னு தெரிஞ்சா..."

மறுமுனை நடுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தான். ஃபுமியே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அவன் இல்லைங்க, நான்தான்" என்றாள். "அக்கா வீட்டுலேருந்து இருட்டோட கிளம்பி, மடு மடுவா பிடிச்சு, செகிகிட்ட வித்துட்டு வருவேன்."