ஐந்தாவது புகார்

"மறுபடியும் ஒரு ஆடு போச்சு தம்பி" என்றபடி உள்ளே வந்தாள் ஆட்டுக்காரம்மா.

வனக்காவலர் பேனாவைக் கீழே வைத்தார். ஒரே மாதத்தில் ஐந்தாவது புகார்.

"அதே கழுதைப்புலியா?"

"வேற யாரு, என் மாமியாரா?"

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அம்மா, இந்தப் பொட்டல்ல அது செத்ததைத்தான் தேடித் திங்குது. அது போடற சாணியைப் பார்த்திருக்கீங்களா? எலும்பாத் தின்னு தின்னு, சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்கும். உயிரோட இருக்கிற ஆட்டை எப்பவாவதுதான் தொடும்."

"உங்க புஸ்தகத்தைப் படிச்சுட்டா அது திங்குது? எழுதிக்குங்க. தினமும் பாறைப் பக்கம் ஒரு சுத்து வாங்க."

புகார் என்று வந்தால் போய்த்தான் ஆகவேண்டும். காலையும் மாலையும் மேடு பள்ளத்தில் ஜீப் ஓட்டி இடுப்பு கழன்றது. "அந்தம்மா என்னைப் படுத்தற பாடு இருக்கே" என்று மனைவியிடம் புலம்பினார்.

ஒருநாள் ஜீப் கிளம்ப மறுத்தது. விடியும்போதே நடந்து போனார்.

பாறைச் சரிவில் ஆட்டுக்காரம்மா. செத்த ஆடு ஒன்றை இழுத்துவந்து போட்டுவிட்டு, தள்ளிப்போய் முள்மரத்தடியில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கழுதைப்புலி வந்தது. ஒரு தொடையைப் பிய்த்தது. அங்கேயே தின்னாமல், அப்படியே கவ்விக்கொண்டு பாறை இடுக்குக்கு ஓடியது. உள்ளேயிருந்து அதன் குட்டிகள் இரண்டு முண்டியடித்துக்கொண்டு வந்தன.

"மெதுவாடி, மெதுவா. உங்களுக்குத்தானே" என்றாள் ஆட்டுக்காரம்மா.

காவலர் அவள் பின்னால் போய் நின்றார். "அது ஒரு ஆட்டைக்கூட அடிக்கலை, இல்லையாம்மா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாம் தானாச் செத்ததுதான் தம்பி."

"நீங்களே தீனி போட்டுட்டு, நீங்களே அது மேல புகாரும் குடுப்பீங்களா? என்ன நியாயம் இது?"

"போன வருஷம் எவனோ செத்த ஆட்டுல விஷத்தைத் தடவி வச்சுட்டான். இதோட ஜோடி போயிடுச்சு. காவலுக்கு வாங்கன்னு உங்க ஆபீசுல வந்து நின்னேன். பொணந்தின்னிக்குக் காவலான்னு சிரிச்சாங்க."

காவலர் பாறை இடுக்கைப் பார்த்தார்.

"ஆடு போச்சுன்னு சொன்னேன், மறுநாளே ஜீப் வந்துச்சு. ஜீப் சுத்தற இடத்துல விஷம் வைக்க எவனுக்குத் தம்பி தைரியம் வரும்?"